6அடி மனுஷன் 61டி ஆன கதை

கடுப்புல எழுதுறேன். அதனால பதிவு நீளமாத்தான் போகும். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, காலேஜ் படிக்கிறான், தங்கமான பையன். சிறுவர் கதைப் புத்தகம் ஒண்ணை பிரெயில்ல அச்சடிச்சு எடுத்துட்டு வந்தான். "அக்கா, சாஃப்ட்வேர்ல போட்டேன், பட்டுனு மாத்திடுச்சு. படிச்சுப் பாருங்க"ன்னான். நானும் ஆசையா விரலை வச்சேன். முதல் பக்கத்துலயே வில்லன் வந்துட்டான். எப்படிப்பட்ட வில்லன்?

"61டி உயரமுள்ள முரடன்."

61 டி! என்னன்னு நினைக்கிறது? பஸ் நம்பரா? ரேஷன் கார்டு நம்பரா? கொஞ்சம் யோசிச்சப்புறம்தான் பிடிபட்டுது. புத்தகத்துல "6அடி உயரமுள்ள முரடன்"னு இருந்திருக்கு. 6-க்கும் "அடி"க்கும் நடுவுல இடம் விடல. கண்ணால படிக்கிறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. எங்களுக்கு அந்த ஆளு 55 அடி கூடுதலா வளர்ந்துட்டான்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் சின்ன வயசுலேருந்தே பார்வை இல்லாதவ. பிரெயில்ல படிச்சு வளர்ந்தவ. இப்போ பிரெயில் புத்தகங்களுக்கு புரூஃப் பார்க்கிறேன். (ஒருத்தர் அச்சுப் புத்தகத்தைச் சத்தமா வாசிப்பாங்க. நான் பிரெயில் பிரதியில விரலை ஓட்டிட்டே வருவேன். காதுல விழுறதும் விரல்ல படுறதும் எங்க இடிக்குதோ அங்க "நிறுத்து!"னு ஒரு சத்தம். வாசிக்கிறவங்களுக்குத் தொண்டை வறண்டுபோகும், எனக்கு விரல் நுனி மரத்துப்போகும். சமமான பங்கீடு.)

சரி, 61டிக்கு வருவோம். இது ஏன் நடக்குதுன்னு தெரியணும்னா கொஞ்சம் அடிப்படை வேணும்.

பிரெயில்ல ஒரு செல்லுக்கு ஆறு புள்ளி. இடது பக்கம் மேலேருந்து கீழ 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. அவ்வளவுதான் மூலதனம். எதை மேடாக்குறோம், எதை விடுறோம்ங்கிறதுல மொத்தம் 63 வடிவம் கிடைக்கும். ஒண்ணுமே இல்லாத வெறும் செல்லையும் சேர்த்தா 64.

நம்மகிட்ட எழுத்து 247. எப்படிச் சமாளிக்கிறது?

உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒண்ணு, மெய்க்கு வைக்கிற புள்ளி ஒண்ணு. இதுக்கு மட்டும் தனித்தனி செல். உயிர்மெய்யெல்லாம் கூட்டித்தான் எழுதணும். "கா"ன்னா க, அப்புறம் ஆ. "கெ"ன்னா க, அப்புறம் எ. அச்சுல கொம்பு முன்னாடி வரும், கால் பின்னாடி வரும், "கொ"வுக்கு ரெண்டு பக்கமும் காவல்காரன் நிப்பான். பிரெயில்ல அந்த அலங்காரம் எதுவும் கிடையாது. வாய் எந்த வரிசையில சொல்லுதோ அதே வரிசை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தலைகீழ். மெய்யெழுத்தோட புள்ளி. அச்சுல எழுத்து மேல உக்காரும். பிரெயில்ல எழுத்துக்கு முன்னாடியே வந்துடும். "க்"ன்னா முதல்ல 4-ஆம் புள்ளி மட்டும் ஒரு செல், அப்புறம் க. அதனால "தமிழ்"ங்கிற மூணெழுத்துக்கு அஞ்சு செல் ஆகும்: த, ம, இ, 4-ஆம் புள்ளி, ழ. விரலுக்கு இது வசதி. எழுத்து வர்றதுக்கு முந்தியே "மெய் வருது, தயாரா இரு"ன்னு தகவல் வந்துடுது.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் இல்ல. பாரதி பிரெயில்னு 1951-ல இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவா ஒத்துக்கிட்டது. ஹிந்திக்காரங்களோட க-வும் நம்ம க-வும் ஒரே செல்தான், 1-3. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒரு முறை வச்சிருந்தாங்க. நம்ம பாளையங்கோட்டையில ஆஸ்க்வித் அம்மையார் ஆரம்பிச்ச பார்வையற்றோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டுலயே வந்துடுச்சு. அதனால தமிழ்ல விரல் வச்சுப் படிக்கிறது பாரதி பிரெயிலை விட மூத்த பழக்கம்.

இப்போ எண்கள். எண்ணுக்குன்னு தனி வடிவம் ஒதுக்க இடம் கிடையாது. அதனால முதல்ல ஒரு எண்குறி (3-4-5-6), அதுக்கப்புறம் ஆங்கிலத்தோட முதல் பத்து எழுத்து. அதுதான் 1, 2, 3... 9, 0. உலகத்துல பெரும்பாலான இடத்துல இப்படித்தான்.

இங்கதான் வேடிக்கை.

ஆங்கிலத்தோட முதல் எழுத்துச் செல்தான் நமக்கு "அ". அப்போ 1-ம் அ-வும் ஒண்ணு. அதே மாதிரி 3-ம் ச-வும் ஒண்ணு. 5-ம் ஏ-வும் ஒண்ணு. 9-ம் இ-யும் ஒண்ணு. (8-க்கு ஹ, 0-க்கு ஜ. வடமொழி எழுத்தும் தப்பிக்கல.) எண்குறி போட்டாச்சுன்னா, அடுத்தடுத்து வர்ற இந்தச் செல்லெல்லாம் எண்ணாத்தான் படிக்கப்படும், நடுவுல எதாவது வந்து நிறுத்துற வரைக்கும்.

இப்போ போட்டுப் பாருங்க.

6அடி: 61டி.
5ஏக்கர்: 55க்கர்.
3சக்கர வண்டி: 33க்கர வண்டி.
1951இல்: 19519ல்.

அஞ்சு ஏக்கர் நிலம் வச்சிருந்த விவசாயி அம்பத்தஞ்சு ஏக்கர் ஜமீன்தார் ஆயிட்டார். ஒரு இடம் விடாததால! பதிவாளர் ஆபீஸ்ல கூட இவ்வளவு சுலபமா ஆகாது.

ஆனா "1951ஆம் ஆண்டு"ன்னு எழுதினா பிரச்சினை இல்ல. ஆ-வுக்கு 3-4-5, அது எந்த எண்ணும் கிடையாது. "2ஊர்"னாலும் தப்பிச்சோம். அதனால இந்தக் கோளாறு எல்லா இடத்துலயும் வராது, அங்கங்க வரும். அங்கங்க வர்ற கோளாறுதான் ஆளைக் கொல்லும். எல்லா இடத்துலயும் வந்தா முதல் பக்கத்துலயே பிடிச்சுடலாம் இல்ல?

"ஆங்கிலத்துல இதுக்கு ஒரு வழி இருக்கே"ன்னு ஒரு நண்பர் யோசனை சொன்னார். இருக்கு. எண்ணுக்கு அப்புறம் இந்த மாதிரி எழுத்து வந்தா நடுவுல 5-6 போட்டு "இனிமே எழுத்து"ன்னு சொல்லிடுவாங்க. நல்ல ஏற்பாடு. நம்ம ஊருல 5-6 யாரு தெரியுமா? றன்னகரம், "ன". போட்டுப் பார்த்தா "6னஅடி"ன்னு வரும். முரடன் இப்போ எந்த மொழியில பேசுறான்னே தெரியல.

என்னோட தீர்ப்பு ரொம்ப சிம்பிள். எண்ணுக்கும் தமிழ் எழுத்துக்கும் நடுவுல ஒண்ணு இடம் விடுங்க, இல்லேன்னா சிறுகோடு போடுங்க. "6 அடி", "1951-இல்". சிறுகோடு 3-6, அது எந்தத் தமிழ் எழுத்தும் இல்ல, யாரோடயும் சண்டைக்குப் போகாது. அச்சுல ஒட்டி இருந்தாலும் பிரெயில்ல பிரிச்சுடுங்க. "மூலத்துல அப்படி இல்லையே அக்கா"ன்னு கேட்டா, மூலத்துல அந்த ஆளு 61-ம் இல்லப்பா!

கூர்மையா படிச்சவங்க இந்நேரம் ஒரு கேள்வி வச்சிருப்பீங்க. "எண்குறி 3-4-5-6ன்னு சொன்னியே, அது தமிழ்ல எந்த எழுத்துக்கும் இல்லையா?"

இருக்கு. அதான் "ண".

(இங்க நான் கொஞ்சம் சிலிர்த்துக்கறேன், பொறுத்துக்கோங்க.)

"மணி 9"ன்னு எழுதுங்க. ம, அப்புறம் ண, அப்புறம் இ. ஒரு இடம். அப்புறம் எண்குறி, அப்புறம் 9. விரல்ல "ணி"யும் "9"-ம் ஒரே மாதிரி! அச்சு அசல், புள்ளி பிசகாம ஒண்ணு. "அண்ணே, 5 ரூபா குடுங்க"ன்னா "ணே"யும் "5"-ம் ஒண்ணு. ஆனாலும் நான் ஒரு நாளும் குழம்பினது இல்ல. ஏன்?

ஏன்னா தமிழ்ல எந்தச் சொல்லும் ண-வுல ஆரம்பிக்காது. தொல்காப்பியர் காலத்து விதி. சொல்லோட முதல்ல 3-4-5-6 வந்தா அது எண். நடுவுல வந்தா அது ண. முடிஞ்சுது. ஸ்கூல்ல "மொழி முதல் எழுத்துகள்"னு தமிழம்மா உருப்போட வச்சப்போ தூங்கி வழிஞ்சவங்கதான் நாம எல்லாரும். அந்த விதிதான் இன்னிக்கு என் விரலுக்கு ட்ராஃபிக் போலீஸ்.

இலக்கணம் கை குடுக்கிற இடம் இன்னொண்ணும் இருக்கு. ஹிந்தியில க-வுக்கு அப்புறம் தனியா ஒரு ஈ வந்தா, "கீ"ன்னு படிச்சுடக் கூடாதேன்னு நடுவுல ஒரு அ-வைச் செருகுவாங்க. நமக்கு அந்தத் தொல்லை அநேகமா கிடையாது. தமிழ்ல ரெண்டு உயிர் பக்கத்துல பக்கத்துல வந்தா ய்-யோ வ்-வோ நடுவுல வந்து உக்காந்துக்கும். உடம்படுமெய்! அதுவும் தூங்கி வழிஞ்ச பாடம்தான்.

ஆனா இலக்கணம் காப்பாத்தறது தமிழ்ச் சொல்லை மட்டும்தான். "கோவிட்19"ன்னு ஒட்டி எழுதினா எண்குறி சொல்லுக்கு நடுவுல மாட்டிக்கும். விரல் "கோவிட்ணஅஇ"ன்னு படிக்கும். புதுசா ஒரு வைரஸ். அங்கயும் அந்தச் சிறுகோடுதான் தடுப்பூசி.

ஆங்கிலச் சொல் நடுவுல வந்தா இன்னும் கூத்து. செல்லெல்லாம் பொதுச் சொத்து இல்லையா? ஆங்கிலத்துல எழுதின "நோ"வும் தமிழ்ல எழுதின "நோ"வும் ஒரே ரெண்டு செல். அது ஒத்துப்போகுது, சந்தோஷம். ஆனா "பென்"னுங்கிற ஆங்கிலச் சொல்லைத் தமிழா படிச்சா "பேந". அதுலயும் பெரிய எழுத்துல ஆரம்பிச்சா முன்னாடி 6-ஆம் புள்ளி வரும். அது நமக்கு ஆய்தம். "ஃபேந"! எட்டாம் வகுப்புப் புத்தகத்துல பத்திக்கு நாலு ஃபேந வந்தா பிள்ளைங்க என்ன பண்ணும்? ஒண்ணு ரெண்டு ஆங்கிலச் சொல்னா தமிழ் எழுத்துலயே எழுதிடுங்க. ஆங்கில எழுத்தே வேணும்னா (ஆங்கிலப் பாடம், மெயில் முகவரி இந்த மாதிரி), அது ஆங்கிலம்னு முன்னாடியே சொல்லிட்டு எழுதுங்க.

இதுவரைக்கும் சொன்னது எழுத்துச் சமாச்சாரம். இதையெல்லாம் சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் குடுத்துடலாம். சாஃப்ட்வேரை நான் திட்டவே இல்ல, அது எனக்குச் சாமி மாதிரி. லிப்லூயின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, தமிழ் அட்டவணையும் அதுல உண்டு. அதை எழுத ஆரம்பிச்சவங்கள்ல ஜான் பாயர்னு ஒருத்தர். அவர் பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவரா இருந்தார். எங்களுக்கு என்ன வேணும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

என் கடுப்பெல்லாம் பக்கம் அமைக்கிறதுல.

பார்வை உள்ளவங்க பக்கத்தை ஒரே பார்வையில பார்த்துடறீங்க. தலைப்பு பெரிசா இருக்கு, படம் வலது பக்கம், கட்டத்துக்குள்ள குறிப்பு. எல்லாம் ஒரு நொடி. விரலுக்கு அப்படி ஒரு நொடி கிடைக்காது. எனக்குப் பக்கம்ங்கிறது இடமிருந்து வலமா வர்ற ஒரு நூல். அந்த நூல்ல எதைத் தொட்டா தலைப்பு, எதைத் தொட்டா புதுப் பத்தின்னு தெரியணும். அதுக்கு என்கிட்ட இருக்கிற அடையாளம் ரெண்டே ரெண்டு: எந்த செல்லுல ஆரம்பிக்குது, மேலயும் கீழயும் வெற்று வரி இருக்கா.

அதனாலதான் பிரெயில்ல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எண் சொல்லுவாங்க. பத்தின்னா 3-1: முதல் வரி மூணாவது செல்லுல, மத்த வரியெல்லாம் முதல் செல்லுல. பட்டியல்னா 1-3: முதல் வரி ஒண்ணாவது செல்லுல, மடங்கி வந்தா மூணாவது செல்லுல. வட அமெரிக்க பிரெயில் ஆணையம் இதுக்குன்னு தடிமனா ஒரு விதிப் புத்தகமே போட்டிருக்கு (2016 பதிப்பு). அவங்க எழுதினது ஆங்கிலத்துக்கு. ஆனா உள் தள்ளுறது, வரி விடுறதெல்லாம் எந்த மொழி விரலுக்கும் பொருந்தும்.

இந்த 1-3 ஏன் முக்கியம்னு திருக்குறளை வச்சுச் சொல்றேன். குறள்னா ரெண்டு அடி. முதல் அடியில நாலு சீர், ரெண்டாவதுல மூணு. பெரிய தாள்ல ஒரு வரிக்கு 40 செல்தான். மெய்யெழுத்துக்கு ரெண்டு செல், உயிர்மெய்க்கு அநேகமா ரெண்டு செல். முதல் அடி ஒரு வரியில அடங்காம மடங்கிடும் பல சமயம். மடங்கினதும் முதல் செல்லுலயே ஆரம்பிச்சா, பிள்ளை விரலுக்குக் குறள்ல மூணு அடி, சில சமயம் நாலு அடி. "குறள் ரெண்டடிதானே டீச்சர், இதுல நாலு இருக்கே?" கேள்வி நியாயம்தானே? ரெண்டு செல் உள்ள தள்ளினா போதும், "இது புது அடி இல்ல, மேல உள்ளதோட மிச்சம்"னு விரலுக்குத் தெரிஞ்சுடும்.

வரி மடங்குறதுன்னதும் ஞாபகம் வருது. தமிழ்ல சொல்லு எவ்வளவு நீளம் போகும்னு உங்களுக்கே தெரியும். "பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்". எண்ணிப் பார்த்தேன் (வேற வேலை இல்ல), 37 செல். ஒரே சொல்! 40 செல் வரியில அது மட்டும்தான் உக்காரும், பக்கத்துல ஒருத்தரும் நிக்க முடியாது. சின்னத் தாளா இருந்தா அதுவும் உக்காராது, வெட்டித்தான் ஆகணும்.

எங்க வெட்டுறது? ஒரு புத்தகத்துல 4-ஆம் புள்ளி வரிக் கடைசியில தனியா நின்னுது. அதோட மெய்யெழுத்து அடுத்த வரியில. நான் என்ன பண்ண? ஒரு புள்ளியை கையில பிடிச்சுக்கிட்டு அடுத்த வரிக்கு ஓடணும். இன்னொரு இடத்துல க ஒரு வரியில, அதோட ஆ அடுத்த வரியில. "க... ஆ!" யாரோ காலை மிதிச்ச மாதிரி.

விதி ஒண்ணு: புள்ளியை மெய்கிட்டேருந்து பிரிக்காதீங்க. விதி ரெண்டு: மெய்யை உயிர்கிட்டேருந்து பிரிக்காதீங்க. விதி மூணு: பிரிச்சே ஆகணும்னா வாய் நிக்கிற இடத்துல பிரிங்க. "பார்த்துக்" ஒரு வரி, சிறுகோடு, "கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" அடுத்த வரி. ஒற்று முன்னாடி உள்ளவங்களோடயே இருக்கட்டும்.

இப்போ கேள்வித்தாள். (பெருமூச்சு.)

"அடிக்கோடிட்ட சொல்லின் எதிர்ச்சொல் தருக." நான் படிக்கிற காலத்துல இப்படி ஒரு கேள்வி வந்துது. வாக்கியத்தை மேலேருந்து கீழ தடவுறேன். அடிக்கோடும் இல்ல, நடுக்கோடும் இல்ல. பிரெயில்ல மாத்தினவங்க எழுத்தை மட்டும் மாத்திட்டு கோட்டை விட்டுட்டாங்க. (கோட்டை விட்டதுதான், ரெண்டு அர்த்தத்துலயும்.) நான் வாக்கியத்துல இருந்த எல்லாச் சொல்லுக்கும் எதிர்ச்சொல் எழுதி வச்சேன். கேட்டதுக்கு மேலயே குடுத்தாச்சு, மார்க் மட்டும் வரல.

அடிக்கோட்டுக்கு ஆங்கில பிரெயில்ல குறி இருக்கு. சொல்லுக்கு முன்னாடி 4-5-6 ஒரு செல், 2 ஒரு செல். அதை அப்படியே தமிழ்ல போட்டா? 4-5-6 நமக்கு "ள". 2-ஆம் புள்ளி காற்புள்ளி. "ள, நல்லவன்"னு இருக்கும். முன்னாடியே சொல்லி வைக்காம இதைப் போட்டா பிள்ளை முழிக்கும். சொல்லி வச்சுட்டுப் போட்டா பிரச்சினையே இல்ல. இல்லேன்னா கேள்விக்குக் கீழயே "அடிக்கோடிட்ட சொல்: நல்லவன்"னு ஒரு வரி சேர்த்துடுங்க. அழகா இருக்காதுதான். ஆனா மார்க் வரும்.

அதுக்காக அச்சுல தடிமனா இருக்கிற எல்லாத்தையும் குறி போட்டு மாத்தணும்னு இல்ல. தலைப்பு தடிமனா இருக்கிறது பார்வைக்கு அழகு. எனக்கு அது தலைப்புன்னு அது இருக்கிற இடமே சொல்லிடும். பாடத்துக்கு நடுவுல ஒரு கலைச்சொல் தடிமனா இருந்தா, அது "இதை மனசுல வை"ன்னு சொல்றது. அது எனக்கும் வேணும். அச்சுல இருக்கிற ஒவ்வொண்ணையும் பார்த்து "இது அழகுக்கா, அர்த்தத்துக்கா?"ன்னு கேளுங்க. அழகுன்னா விட்டுடுங்க, அர்த்தம்னா எப்பாடு பட்டாவது கொண்டு வாங்க. என்னைக் கேட்டா பக்கம் அமைக்கிற மொத்த வித்தையும் இந்த ஒரு கேள்விதான்.

அடுத்து "பொருத்துக". அச்சுல இந்தப் பக்கம் பறவை, அந்தப் பக்கம் அதோட சத்தம், மாத்தி மாத்தி. அப்படியே வரிக்கு வரி மாத்தினா என்ன வரும்?

மயில் கூவும்.
குயில் கரையும்.
காகம் அலறும்.
ஆந்தை அகவும்.

பந்தியில பக்கத்து இலைக்குப் போற பாயசம் நம்ம சாம்பார்ல விழுந்த கதை. பிள்ளை இதைத் தகவல்னு நினைச்சு உருப்போட்டுடும்! பிரெயில்ல ரெண்டு பட்டியலைப் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது பெரும்பாலும் வீண் வேலை. முதல் பட்டியல் முழுசா 1, 2, 3, 4. ஒரு வெற்று வரி. ரெண்டாவது பட்டியல் முழுசா அ, ஆ, இ, ஈ. பிள்ளை இடது கையை ஒண்ணுலயும் வலது கையை இன்னொண்ணுலயும் வச்சுப் பொருத்திடும். (நாங்க ரெண்டு கையாலயும்தான் படிப்போம். நீங்க ரெண்டு கண்ணாலயும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறீங்களாமே? பாவம்.)

படம் இருந்தா குறிப்பு எழுதணும். அது ஒரு தனிக் கலை. "படத்தில் உள்ள பறவை எது?"ன்னு கேள்வி. மாத்தினவர் நல்லெண்ணத்துல "இங்கே மயில் படம் உள்ளது"ன்னு எழுதிட்டார். பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம், எனக்கும் சிரிப்பு. "நீண்ட தோகை, தலையில் கொண்டை, நீல நிறக் கழுத்து"ன்னு எழுதியிருக்கணும். விடை எழுதத் தேவையானதைச் சொல்லணும், விடையைச் சொல்லக் கூடாது. அதுவும் அந்தக் குறிப்பு ஆசிரியர் எழுதினது இல்ல, மாத்தினவர் எழுதினதுன்னு தெரியற மாதிரி தள்ளி வைக்கணும். அமெரிக்கக்காரங்க இதுக்கு 7-5 வச்சிருக்காங்க. ஏழாவது செல்லுல ஆரம்பிச்சு, மடங்கினா அஞ்சாவது. வேற எதுவும் அநேகமா அப்படி வராது, தொட்டதும் ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.

அப்புறம் பக்க எண். "43-ஆம் பக்கம் எடுங்க"ன்னு டீச்சர் சொல்றாங்க. எல்லாரும் எடுத்தாச்சு. பிரெயில் புத்தகத்துல 43-ஆம் பக்கத்துல வேற பாடம். அச்சுப் பக்கம் ஒண்ணு பிரெயில்ல ரெண்டு மூணு பக்கம் ஆகும், ஒரு பாடப் புத்தகம் பல தொகுதியா பிரியும். அதனால அச்சுப் பக்க எண்ணையும் உள்ள கொண்டு வரணும். அச்சுல பக்கம் மாறுற இடத்துல வரி பூரா 3-6, 3-6ன்னு ஒரு கோடு இழுத்து, கடைசியில "43"ன்னு போடணும். ஒரே ஒரு வரிதான். அது இல்லேன்னா வகுப்புல எல்லாரும் பாதிப் பாடம் முடிச்சப்புறமும் நம்ம பிள்ளை பக்கம் தேடிட்டே இருக்கும். "இவ எப்பவும் ஸ்லோ"ன்னு பேர் வேற.

தன்னார்வலர்களுக்கு வெற்று வரி மேல ஒரு மோகம் உண்டு. பத்திக்குப் பத்தி ஒரு வரி விடுவாங்க. "காத்தோட்டமா இருக்கட்டும்கா." காத்தோட்டம் கண்ணுக்குத்தான். எனக்கு வெற்று வரின்னா "ஏதோ முடிஞ்சுது, புதுசா ஏதோ வருது"ன்னு அர்த்தம். சும்மா சும்மா விட்டா அந்த அடையாளத்துக்கு மரியாதை போயிடும். பிரெயில் தாளும் கெட்டி அட்டை மாதிரி, சும்மா கிடைக்கல. நட்சத்திரம், பூக்கோடு, பார்டர் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கத்துல அரை நிமிஷம் நட்சத்திரம் தடவியிருக்கேன். வானம் பார்த்த திருப்தி கூட இல்ல.

"அப்போ எல்லாத்துக்கும் ஒரே விதி வச்சுட்டா?"ன்னு தம்பி கேட்டான். வச்சா சந்தோஷம். அதுவரைக்கும் நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: நீங்க எந்த முறையை வச்சுக்கிட்டாலும் புத்தகம் பூரா அதையே வச்சுக்கோங்க, அதை முதல் பக்கத்துல எழுதிடுங்க. "எண்ணுக்குப் பின் சிறுகோடு இடப்பட்டுள்ளது. அடிக்கோட்டுக்கு இந்தக் குறி. படக் குறிப்பு ஏழாவது செல்லில் தொடங்கும்." அரைப் பக்கம் ஆகுமா? படிக்கிறவங்க அதை ஒரு தடவை படிச்சுட்டா அப்புறம் புத்தகத்தோட மல்லுக்கட்ட வேண்டாம், கதையைப் படிக்கலாம்.

(கணக்குப் பாடம் பத்திக் கேட்டு யாரும் கமெண்ட் போடாதீங்க. ஆப்ரகாம் நெமத்னு பார்வையற்ற கணித மேதை ஒருத்தர் அதுக்குன்னே தனிக் குறியீடு உருவாக்கினார். அதுக்குத் தனிப் பதிவு வேணும், எனக்குத் தனித் தூக்கமும் வேணும்.)

தம்பி எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு கடைசியில "இவ்வளவு இருக்கா அக்கா? நாங்க ஒரு முப்பது பேரு இருக்கோம், எல்லாரும் சேர்ந்து செக் பண்ணிடறோம்"னான். கண்ணால செக் பண்ணுவாங்களாம்! திரையில புள்ளியைப் பார்த்து! அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிடறேன். உங்க கண்ணு அந்த 61டியை "6அடி"ன்னுதான் படிக்கும், ஏன்னா அச்சுப் பக்கம் உங்க மனசுல ஏற்கெனவே இருக்கு. விரலால மட்டுமே படிக்கிற ஒருத்தர்கிட்ட குடுங்க. நம்ம ஊர்ல பிரெயில் தெரிஞ்ச பட்டதாரிங்க வேலை இல்லாம எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

குடுக்கும்போது கவர்ல பணத்தையும் வச்சுக் குடுங்க. எம்பாஸர் (பிரெயில் அச்சடிக்கிற மெஷின்) வாங்க நிதி திரட்டுறீங்க, தாள் வாங்கத் திரட்டுறீங்க, வெளியீட்டு விழாவுக்குப் பொன்னாடை, பிளெக்ஸ் எல்லாம் உண்டு. புரூஃப் பார்க்கிறவங்களுக்கு மட்டும் "சேவை மனப்பான்மை"ங்கிற வார்த்தை. பொன்னாடை வேண்டாம், பக்கத்துக்கு இவ்வளவுன்னு ரேட் பேசுங்க. தம்பிகிட்ட என் ரேட்டைச் சொல்லிட்டேன். "அக்கா, கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"ன்னான்.

குறைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.